புரவலரும் மனச்சான்றும்

பொருளின்றிப் பொதுப்பணி இல்லை. கோயிலாயினும் பள்ளியாயினும் நூலகமாயினும் சங்கமாயினும், பலர் கூடி நடத்தும் நிறுவனம் எதுவும் பிறர் கைப்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் இதனை நன்கு அறிவோம். வாடகை அறையில் தொடங்கிய மன்றங்கள் சொந்தக் கட்டடம் கண்டது நன்கொடையால்தான். சிறப்பு மலர்கள் அச்சேறுவது விளம்பரத்தால்தான். பெருந்தொகை ஈந்தவரைப் 'புரவலர்' என்று போற்றிப் பட்டியலின் தலைப்பில் வைக்கிறோம். அது நன்றியுணர்வின் அடையாளம். அதில் தவறு காண்பதற்கில்லை.

ஆயினும் ஈண்டு ஒரு வினா எழுகிறது. ஈவோர்க்குரிய அறத்தைப் பற்றி நம் முன்னோர் பேசிய அளவுக்கு, ஏற்கும் நிறுவனத்துக்குரிய அறத்தைப் பற்றி நாம் பேசியதுண்டா? பலர் கூடிய ஓர் அமைப்பு யாரிடம் பொருள் பெறலாம்? பெற்றால் ஈந்தவர்க்கு என்ன உரிமை பிறக்கிறது? மனச்சான்று இடங்கொடாதபோது கொடையை மறுத்துவிட்டால், அந்த இழப்பை யார் தாங்குவது?

இவ்வினாக்களைத் தம் வரலாற்றில் நேருக்கு நேர் சந்தித்த ஒரு மக்கட் கூட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிந்திக்க விழைகின்றோம். அவர்கள் ஸ்காட்லாந்து நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையார். அவர்தம் சமயம் நம்மில் பெரும்பாலோர் சமயமன்று. ஆயினும் அறத்தின் சிக்கல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. அன்றியும், 'புரவலர்' என்பது அவர்கள் நாட்டில் வெறும் பாராட்டுச் சொல்லாக இல்லாமல் சட்டச் சொல்லாகவே இருந்தது. ஆகவே நம் வினாவுக்கு அவர்கள் வரலாறு மிகப் பொருத்தமான களமாகும்.

மூப்பர் ஆட்சி

'பிரெஸ்பிட்டர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூத்தவர் என்பது பொருள். தமிழ் விவிலியம் 'மூப்பர்' என்று அழகாக மொழிபெயர்த்துள்ளது. ஜெனீவா நகரில் ஜான் கால்வின் வகுத்த நெறியைப் பின்பற்றி, ஜான் நாக்ஸ் முதலானோர் முயற்சியால் 1560-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சீர்திருத்த சமயத்தை மேற்கொண்டது. நாளடைவில் அங்கே பேராயர் இல்லாத திருச்சபை ஒன்று உருப்பெற்றது. அதில் ஒரு குருவானவர் மற்றொரு குருவானவருக்கு மேலானவர் அல்லர். ஒவ்வோர் ஊர்ச் சபையையும் குருவானவரும், சபையாரிடையேயிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட மூப்பர்களும் கூடிய மன்றம் ஆள்கிறது. அதற்கு மேல் வட்டார மன்றம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொதுப் பேரவை. பேரவையின் தலைவரும் ஓராண்டுக்கே தலைவர். மூப்பரோ உழவராகவும் நெசவாளராகவும் கடைக்காரராகவும் தம் தொழிலைச் செய்துகொண்டே சபைப் பணியையும் ஆற்றுபவர்.

வழிபாடும் இந்த ஆட்சிமுறைக்கு ஏற்பவே எளிமையாக அமைந்தது. உருவங்கள் இல்லாச் சுவர். நடுநாயகமாக அருளுரை மேடை. அதன்மேல் திறந்து வைத்த விவிலியம். பல தலைமுறைகள் வரை இசைக்கருவியும் கிடையாது. முன்பாடகர் ஒருவர் திருப்பாடலின் ஓரடியைப் பாட, நூல் இல்லாதவரும் எழுத்தறியாதவரும் அவ்வடியை வாங்கிப் பாடுவர். நம் பஜனை மடங்களில் ஒருவர் சொல்லக் கூட்டத்தார் திருப்பிச் சொல்லும் முறையை அறிந்தவர்க்கு இது வியப்பாக இராது. திருவிருந்து நாள் நெருங்கும்போது மூப்பர்கள் இல்லந்தோறும் சென்று மக்களின் ஒழுக்கத்தையும் நலத்தையும் விசாரித்து, தகுதியுடையோர்க்குச் சிறு ஈய வில்லைகளை வழங்குவர். வில்லையைக் கொண்டுவந்தவரே பந்தியில் அமரலாம். பந்தியோ நீண்ட மேசை. அதில் பண்ணையாரும் பணியாளரும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிப் பருகுவர். இம்முறையில் கண்டிப்பு மிகுதி என்பதையும், பிறர் வாழ்வைத் துருவி நோக்கும் குறை அதில் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் எளிய குடியானவனும் 'இது என் சபை' என்று எண்ணுதற்கு அது இடந்தந்தது.

இத்தனைக்கும் அடியில் ஒரு கொள்கை உண்டு. மனிதனின் மனச்சான்றுக்குத் தலைவர் கடவுள் ஒருவரே. மன்னரும் செல்வரும் அதற்குத் தலைவராகார் என்பது அது. 1647-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் இக்கொள்கை இடம்பெற்றுள்ளது.

புரவலர் உரிமை

கொள்கை இவ்வாறிருக்க, நடைமுறை வேறாயிற்று. ஊர்க்கோயிலுக்கும் குருமனைக்கும் ஊதியத்துக்கும் பொருள் தருவோர் நிலவுடைமையாளர்கள். 1712-ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், குருவானவர் பதவிக்கு ஆளைப் பெயர் குறிக்கும் உரிமையைப் புரவலர்க்கு மீண்டும் வழங்கியது. சபையார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் புரவலர் குறித்தவரே குருவானவர். புரவலர் அவ்வூரில் வாழ்பவராகவோ அச்சபையில் வழிபடுபவராகவோ இருக்க வேண்டும் என்பதுமில்லை.

இதற்கு எதிர்ப்பு நூறாண்டுக்கு மேல் புகைந்துகொண்டிருந்தது. 1834-இல் பொதுப் பேரவை ஒரு விதி செய்தது: குடும்பத் தலைவர்களுள் பெரும்பான்மையோர் வேண்டா என்றால், புரவலர் குறித்தவரை ஏற்க வேண்டுவதில்லை. அவ்வாண்டே ஆக்டெரார்டர் என்னும் ஊரில் இவ்விதி சோதனைக்குள்ளாயிற்று. கின்னூல் பிரபு குறித்த ஒருவரை அழைக்கும் ஓலையில் கையெழுத்திட்டோர் ஊரில் இருவரே. குடும்பத் தலைவர்கள் 330 பேருள் 287 பேர் வேண்டா என்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1839-இல் பிரபுக்கள் அவை இறுதித் தீர்ப்பு வழங்கியது: புரவலரின் உரிமை சொத்துரிமை, சபையாரின் விருப்பம் அதனைத் தடுக்க இயலாது.

ஈண்டு நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். புரவலர்கள் அனைவரும் தீயவர் அல்லர். அவர்கள் குறித்த குருமாருள் நல்லவரும் கற்றவரும் பலர் இருந்தனர். ஆகவே, வந்தவர் தகுதியுடையவரா என்பது மட்டும் வழக்கின் உயிர்நிலை ஆகாது. பொருள் தந்தவர் என்னும் ஒரே காரணத்தால், மக்களின் உள்வாழ்வுக்கு வழிகாட்டுபவர் யார் என்பதை ஒருவர் முடிவு செய்யலாமா என்பதே வழக்கின் உயிர்நிலை. கொடை என்று எண்ணியது விலையாக மாறிவிட்டதா என்பதை அறிய இதுவே உரைகல். ஈந்தவர் ஈந்தபின் கையை எடுத்துக்கொண்டால் அது கொடை. எடுத்துக்கொள்ளாவிடின் அது வாணிகம்.

இழப்பின் சோதனை

1843-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், எடின்பரோ நகரில் பொதுப் பேரவை கூடியது. தலைவர் டேவிட் வெல்ஷ் ஒரு கண்டன அறிக்கையைப் படித்து, அதனை மேசைமீது வைத்துவிட்டு வெளியேறினார். நூற்றுக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்து டான்பீல்டு மண்டபத்துக்கு நடந்து சென்று, தாமஸ் சால்மர்சைத் தலைவராகக் கொண்டு சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். ஏறத்தாழ 1200 குருமாருள் 474 பேர் தம் பதவியையும் ஊதியத்தையும் குருமனையையும் விட்டு வெளியேறும் ஆவணத்தில் கையெழுத்திட்டனர். கையெழுத்திட்டவர் குருவானவர், வீட்டைக் காலி செய்தது அவர் குடும்பம். குழந்தைகளுடன் அடுத்த வேளைக்கு வழி தெரியாமல் வெளியேறிய குருமனைத் தாய்மாரின் பெயர்கள் அவ்வாவணத்தில் இல்லை. மனச்சான்றின் விலையைத் தலைவர் பெயரில் எழுதி, இல்லத்தார் செலுத்துவது உலகியல்பு போலும்!

வெளியேறியவர்க்குக் கோயில் கட்ட நிலம் தரவும் சில நிலவுடைமையாளர் மறுத்தனர். மலைநாட்டில் ஸ்ட்ரான்டியன் என்னும் ஊரார் நிலத்தில் இடம் கிடைக்காமையால் நீரில் இடம் தேடினர். 1846-இல் இரும்பினாலான மிதக்கும் கோயில் ஒன்றைச் செய்வித்து, சூனார்ட் என்னும் கடற்கழியில் நங்கூரமிட்டு நிறுத்தி, அதில் வழிபட்டனர். உள்ளே ஏறுவோர் ஒவ்வொரு நூறு பேருக்கும் அது ஓரங்குலம் தாழும் என்றும், அதைக்கொண்டே அன்றைய அருளுரைக்கு எத்தனை பேர் வந்தனர் என்று கணிக்கலாம் என்றும் அவ்வூரார் சொல்வதுண்டாம்.

எனினும் வெளியேறாமல் தங்கியவர்களை அஞ்சியவர் என்று இகழ்தல் முறையன்று. அவர்களே பெரும்பான்மையோர். அமைப்பை விட்டு விலகுவதைவிட உள்ளிருந்து திருத்துவதே கடமை என்று கருதியோர் அவருள் இருந்தனர். 1874-இல் புரவலர் உரிமையை நாடாளுமன்றமே ஒழித்தது. 1929-இல் பிரிந்த கூட்டத்தாருள் பெரும்பகுதியினர் தாய்ச்சபையோடு மீண்டும் இணைந்தனர். விலகியோரும் தங்கியோரும் ஆகிய இரு திறத்தாரின் அழுத்தமும் சேர்ந்தே மாற்றத்தை விளைத்தது எனலாம்.

வாரம் ஒரு பென்னி

புரவலரை இழந்த சபை எவ்வாறு வாழ்ந்தது? சால்மர்சின் விடை எளியது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருக. ஒரு பென்னி சிறிது. வாரம் தவறாமல் பல்லாயிரவர் தந்தால் அது பெரிது. அவ்வாறு திரண்டது ஒரு பொது நிதியில் சேர்க்கப்பட்டு, குருமார்க்குச் சமமாகப் பங்கிடப்பட்டது. நகரத்துச் செல்வர் தந்ததும் மலைநாட்டு ஏழை தந்ததும் ஒரே பேழையில் கலந்தமையால், எந்தக் குருவானவரும் 'இன்னார் என்னை உண்பிக்கிறார்' என்று ஒருவர் முகத்தை நோக்க வேண்டியதில்லாமற் போயிற்று. நிதியமைப்பில் உள்ள அறநுட்பம் இதுவே. கொடை பலருடையதாகும்போது கட்டளை எவருடையதும் ஆவதில்லை.

ஏற்றலின் சோதனை

இம்மட்டில் இவ்வரலாறு முடிந்திருக்குமாயின், அது வெறும் புகழ்மாலையாய் நின்றிருக்கும். நமக்கு உண்மையில் பாடமாவது இதன்பின் நிகழ்ந்தது.

1844-இல் சுதந்திரத் திருச்சபையின் தூதுக்குழு ஒன்று நிதி வேண்டி அமெரிக்கா சென்றது. அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்களிலும் சமயச் சகோதரர்கள் அன்புடன் ஈந்தனர். அவ்வகையில் வந்த தொகை ஏறத்தாழ மூவாயிரம் பவுன். செய்தி பரவியதும் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் கொதித்தெழுந்தனர். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து 1838-இல் தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் 1846-இல் ஸ்காட்லாந்தின் ஊர்தோறும் பேசினார். 'பணத்தைத் திருப்பி அனுப்பு' என்னும் முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது. மனிதரை விற்றும் அவர்தம் உழைப்பை உறிஞ்சியும் பெற்ற பணத்தால், மனச்சான்றின் உரிமைக்காகக் கோயில் எழுப்புவதா என்பது அவர் வாதத்தின் சாரம்.

சபைத் தலைவர்கள் மறுமொழி கூறினர். அடிமைமுறை தீயதே, ஆயினும் நாட்டுச் சட்டத்தால் அடிமைகளை உடையவராயிருக்கும் ஒவ்வொருவரையும் கிறித்தவர் அல்லர் என்று தள்ளிவிட இயலாது என்றனர். பணம் திருப்பி அனுப்பப்படவே இல்லை. சபை உள்நாட்டில் திரட்டிய நிதியோடு ஒப்பிட்டால் அத்தொகை மிகச் சிறிய பகுதி என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். வறுமையால் அதனை வைத்துக்கொண்டனர் என்று கூற இயலாது.

பின் எதனால்? ஊதியத்தையும் இல்லத்தையும் ஒரே நாளில் துறந்த பெருமக்களால் அதனினும் எத்தனையோ மடங்கு சிறிய ஒரு தொகையைத் துறக்க முடியாமற் போனது ஏன்? நம் கருத்தில் இதுவே இவ்வரலாற்றின் அறவினா. துறந்த பொருள் தமக்குத் தீங்கு செய்தவரிடமிருந்து வந்தது. அதனைத் துறப்பதில் துன்பம் உண்டு, ஆனால் பெருமையும் உண்டு. ஏற்ற பொருளோ துயரக் காலத்தில் அன்புகாட்டியவரிடமிருந்து வந்தது. அதனைத் திருப்புவது நண்பரின் முகத்தில் அடிப்பதாகும். அன்றியும், முதல் வழக்கில் உரிமை இழந்தவர் தாமே. இரண்டாம் வழக்கில் உரிமை இழந்தவர் கடலுக்கப்பால் பருத்திக் காட்டில் இருந்தவர். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காணும் கண், பிறர்க்கு இழைக்கப்படும் அநீதியால் தமக்கு வரும் நன்மையைக் காண்பதில்லை. பகைவனின் பொருளை மறுப்பதினும் நண்பனின் பொருளை மறுப்பதே மனச்சான்றுக்குக் கடினமான சோதனை.

இங்கு எதிர்வாதமும் உண்டு. பணத்துக்குக் குலமில்லை, தீயவழியில் வந்ததும் நல்வழியில் சென்றால் நன்றே என்பர். அதே 1846-இல் டக்ளசின் வாழ்விலேயே இவ்வினா மறுவடிவில் எழுந்தது. அவருடைய ஆங்கிலேய நண்பர்கள் 150 பவுன் திரட்டி, அவரை உடைமை என்று உரிமை பாராட்டியவருக்குக் கொடுத்து விடுதலை பெற்றுத் தந்தனர். மனிதனுக்கு விலை கொடுப்பது அடிமைமுறையை ஒப்புக்கொள்வதாகாதா என்று இயக்கத்தாரிலேயே சிலர் குறைகூறினர். டக்ளஸ் அவ்விடுதலையை ஏற்றுக்கொண்டார். பொருளைத் தொட்டாலே தீட்டு என்பது நேரிய விதியாகாது என்பதை இது காட்டுகிறது. நாம் கேட்க வேண்டுவது வேறு: அப்பணம் கைமாறுவதால் யாருடைய கட்டு அவிழ்கிறது? யாருடைய வாய் அடைக்கப்படுகிறது? நண்பர்கள் தந்த பணம் ஒரு மனிதனின் கட்டை அவிழ்த்தது. சபை பெற்ற பணமோ அடிமைமுறையைக் கண்டித்துப் பேச வேண்டிய வாயைத் தடுமாறச் செய்தது.

இந்திய மண்ணில்

இப்பிளவின் அலை நம் நாட்டையும் தொட்டது. இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்துச் சபைத் தொண்டர்கள் அனைவரும் 1843-இல் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் நின்றனர். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டப் 1830-இல் தொடங்கி வளர்த்த கல்விக்கூடத்தின் கட்டடத்தைத் தாய்ச்சபையிடம் விட்டுவிட்டு, வேறிடத்தில் புதிதாகத் தொடங்கினார். இரு நிறுவனங்களும் 1908-இல் ஒன்றாயின. அதுவே இன்றைய ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. பம்பாயில் ஜான் வில்சனும் இவ்வாறே பிரிந்து நின்றார்; வில்சன் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. சென்னையில் ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியே பின்னாளில் வில்லியம் மில்லரால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரம் சென்றது. இக்கல்லூரிகளின் வாயிலில் நின்ற நம்மவர் பலர்க்கு, அவற்றின் அடித்தளத்தில் இத்தகைய மனச்சான்றுப் போராட்டம் புதைந்திருப்பது தெரியாது.

எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட ஆந்திரேயர் ஆலயமோ இவ்வரலாற்றின் மறுபுறம். டி ஹாவிலண்ட் வட்டவடிவில் எழுப்பி, நீலக் குவிமாடத்தில் விண்மீன்கள் தீட்டிய அவ்வாலயம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவில் உருவானது. அழகில் அது நம் நகரத்துக்கு அணி. ஆளும் கம்பெனியின் கொடையால் எழுந்த கோயிலில் ஏழையும் இறைவனைக் காணலாம் என்பதையும் அதன் நெடுவரலாறு காட்டுகிறது. கொடையாளர் மறைந்தபின் கட்டடம் வழிபடுவோர்க்கே உரியதாகிறது.

பிடியரிசி

அறத்தின் மற்றொரு வழியை நம் நாட்டின் வடகிழக்கிலே காண்கிறோம். மிசோரம் மலைகளுக்கு 1897-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து டி. இ. ஜோன்ஸ் என்னும் தொண்டர் வந்தார். அவ்வழி வளர்ந்த மிசோ பிரெஸ்பிட்டேரியன் சபையின் தொடக்ககால மக்களிடம் பணம் அரிது, அரிசியே செல்வம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் ஒரு வழக்கத்தை மேற்கொண்டனர். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவாள். சபைப் பெண்கள் அதனைத் திரட்டி வருவர். விற்ற தொகை சபைப் பணிக்காகும். 'பூஃபாய் தாம்' என்று அவர்கள் கூறும் இதற்கு நம் சொல்லிலே பெயர் உண்டு: பிடியரிசி. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி அவர்கள் தமிழகத்தில் பரப்பிய பிடியரிசித் திட்டத்தை அறிந்த நம் இல்லத்துத் தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மிசோக்களிடம் ஒரு பிடி அரிசி விளைத்த பயன் பெரிது. அயல்நாட்டுத் தொண்டர்கள் 1968-இல் மிசோரத்தை விட்டு நீங்கினர். சபை சாயவில்லை. அது தன் பள்ளிகளையும் மருத்துவப் பணியையும் தானே தாங்கிப் பிற இடங்களுக்கும் தொண்டர்களை அனுப்பியது. பிறர் கொடையால் தோன்றியது, தன் கொடையால் நின்றது.

பிடியரிசியில் நாம் காணும் நுட்பங்கள் இரண்டு. ஒன்று, அளவு கையின் அளவு. செல்வர் வீட்டுக் கையும் வறியவர் வீட்டுக் கையும் ஏறத்தாழ ஒரே அளவின. மற்றொன்று, அது உண்ணுமுன் எடுத்துவைப்பது; மிச்சத்திலிருந்து தருவதன்று. ஆனால் இதிலும் நம் மனச்சான்று ஓய்ந்துவிட இயலாது. பிடியரிசி இட்ட கை பெண்ணின் கை. மன்றத்தில் அமர்ந்து அதன் பயனை முடிவு செய்த மூப்பரோ நெடுங்காலம் ஆடவர். ஸ்காட்லாந்துத் திருச்சபையே பெண்களை மூப்பராக்கியது 1966-இல்; குருவானவராக்கியது 1968-இல். 1834-இன் விதியும் ஆண் குடும்பத் தலைவர்க்கே குரல் தந்தது. பொருள் மிகுதியாகத் தந்தவர்க்கு மிகையான குரல் இருப்பது ஒரு கேடு. தந்துகொண்டே இருப்பவர்க்குக் குரலே இல்லாமை அதற்கு ஈடான மற்றொரு கேடு.

முடிபு

இவ்வரலாறு நமக்குச் சொல்வது, புரவலரை வெறுக்க வேண்டும் என்பதன்று. புரவலர் இல்லாதிருந்தால் நம் சங்கங்கள் பல தோன்றியிரா. ஆயினும் ஏற்கும்போது மூன்று வினாக்களை நாம் எழுப்பிக்கொள்ளலாம். இக்கொடைக்குப்பின் ஈந்தவரிடம் 'இது தகாது' என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்குமா? இப்பணத்தின் பின்னால் நாம் காணாத யாருடைய கண்ணீரேனும் உண்டா? நம் ஆண்டுச் செலவில் எப்பகுதி சிறுகொடையால் வருகிறது; அதனைத் தருவோர்க்கு நம் கூட்டத்தில் இடமுண்டா?

முதல் வினாவுக்கு விடை காண்பது எளிது. மூன்றாவதற்குக் கணக்கேடு விடை கூறும். இரண்டாவதே கடினம். எடின்பரோவின் பெருமக்கள் இடறியதும் அவ்விடத்திலேயே. அவர்கள் நம்மினும் தாழ்ந்தவர் அல்லர். நம்மில் எத்தனை பேர் ஒரு கொள்கைக்காக வீட்டைத் துறப்போம்? அத்தகையோரே இடறினர் என்றால், ஒருமுறை காட்டிய தியாகம் மனச்சான்றுக்கு வாழ்நாள் முழுதும் காப்பாகாது என்பது தெளிவு. ஒவ்வொரு கொடையின்போதும் அது புதிதாய் விழித்தாக வேண்டும். உறுப்பினர் சந்தாவாக மாதந்தோறும் வரும் சிறுதொகையை வாங்கி ரசீது எழுதும் நம் சங்கத்துப் பொருளாளர், அறியாமலே அந்த விழிப்புக்குத் துணைசெய்கிறார். அவருடைய ஏடு தடிப்பாக இருக்கும் வரை, பெருங்கொடையை வேண்டும்போது ஏற்கவும் வேண்டாதபோது மறுக்கவும் நமக்கு வலிமை இருக்கும்.